இடர் வந்த வீடும் இறைப்பற்றும்: பெரியபுராணம் வழியே ஒரு பார்வை

சுந்தரமூர்த்தி நாயனாரின் திருத்தொண்டத்தொகை அடியார்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வணங்குகிறது. நம்பியாண்டார் நம்பி அதை அந்தாதியாக வகுத்தார். இரண்டையும் அடியொற்றி, 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், குன்றத்தூர்ச் சேக்கிழார் பெருமான் தில்லையில் இருந்து பெரியபுராணம் எனப்படும் திருத்தொண்டர் புராணத்தைப் பாடி முடித்தார். தனியடியார் 63 பேர், தொகையடியார் 9 கூட்டம் என்ற கணக்கு சைவக் குடும்பங்களில் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அந்த 63 பேரில் பெண்கள் மூவர்தாம்: காரைக்காலம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார். திருநாவுக்கரசரை மீட்டுத் தந்த தமக்கை திலகவதியார் கணக்கில் இல்லை. இளையான்குடி மாற நாயனாரின் மனைவியாருக்குப் புராணத்தில் பெயர்கூடக் கிடையாது. தொகை ஆளை எண்ணுகிறது. அந்த ஆள் வாழ்ந்த வீட்டுக்குள் நம்மை அழைத்துப் போகிறவர் சேக்கிழார். அப்படி உள்ளே போய்ப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. இடர்க்காலத்தில் ஒரு குடும்பத்தின் நம்பிக்கை ஒருவரிடமே முழுதாகத் தங்கியிருப்பதில்லை. ஒருவர் கைவிட்டதை மற்றவர் எடுத்து வைத்திருக்கிறார். வேண்டிய நேரத்தில் திருப்பிக் கொடுக்கிறார்.

திருவாமூர்ப் புகழனார் வீட்டைப் பாருங்கள். மகள் திலகவதியைப் படைத்தலைவர் கலிப்பகையாருக்கு மணம் பேசி முடித்தாயிற்று. மாப்பிள்ளை அரசன் ஆணையால் வடபுலத்துப் போருக்குப் போகிறார். அவர் திரும்புவதற்குள் புகழனார் நோய்ப்பட்டு இறக்கிறார். கணவரைத் தொடர்ந்து மாதினியாரும் போய்விடுகிறார். அந்தத் துக்கம் ஆறுமுன், கலிப்பகையார் களத்தில் பட்டார் என்ற செய்தி வருகிறது. பேசி முடித்ததே தமக்கு மணம் என்று கொண்ட திலகவதியார் உயிர்விடத் துணிகிறார். அப்போது அவரைத் தடுத்தது சாத்திரமோ சமய உபதேசமோ இல்லை. பின்னாளில் திருநாவுக்கரசர் என்றும் அப்பர் என்றும் அழைக்கப்பட்ட தம்பி மருணீக்கியார் காலில் விழுந்து அழுகிறார். தாய் தந்தைக்குப் பின் உங்களை வணங்க முடிகிறது என்பதால்தான் உயிரோடு இருக்கிறேன், நீங்கள் போவதானால் உங்களுக்கு முன்னே நான் போவேன் என்கிறார். தம்பிக்காக அக்கா உயிர் தரிக்கிறார். இந்த இடத்தைப் பலரும் விரைவாகக் கடந்துவிடுகிறார்கள். பிற்காலத்தில் அக்கா தம்பிக்குத் திருநீறு கொடுத்த நிகழ்ச்சிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. முதலில் காப்பாற்றப்பட்டவர் அக்கா. காப்பாற்றியவர் அறியாச் சிறுவனான தம்பி.

பிறகு மருணீக்கியார் அறச்சாலையும் தண்ணீர்ப் பந்தலும் வைத்துப் பலருக்கும் உதவுகிறார். செல்வமும் வாழ்வும் நிலையாதவை என்ற எண்ணம் அவரைச் சமண சமயத்துக்குக் கொண்டுபோகிறது. பாடலிபுத்திரத்தில், இன்றைய திருப்பாதிரிப்புலியூரில், தருமசேனர் என்ற பெயரோடு தலைமை பெறுகிறார். அடுக்கடுக்காக மூன்று சாவைக் கண்ட ஒரு பிள்ளை நிலையாமையை விசாரிக்கக் கிளம்பியதில் வியப்பென்ன? சேக்கிழாருக்குச் சமணத்தின் மேல் கடும் சமயப் பகை உண்டு என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. சமணர் தந்த செல்வத்தைக் கழித்துவிட்டால் தமிழ் இலக்கியம் எவ்வளவு ஏழையாகிவிடும் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் அந்தப் பகையைத் தள்ளி வைத்துவிட்டுத் திலகவதியாரை மட்டும் கவனியுங்கள். தம்பியோடு வாதுக்குப் போகவில்லை. திருவதிகை வீரட்டானத்துக்கு வந்து, விடியுமுன் எழுந்து, கோயிலைக் கூட்டுகிறார், சாணமிட்டு மெழுகுகிறார், பூப்பறித்து மாலை தொடுக்கிறார். தம்பியைப் பற்றிய முறையீடு இறைவனிடம் மட்டும். சூலைநோயில் துடித்த தருமசேனர் தம் சமையற்காரரை அனுப்பி வரச் சொன்னபோது, அங்கே வருவதற்கில்லை என்று மறுத்தும் விட்டார். இது வன்மனம் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இரவோடு இரவாகத் தம்பி வந்து காலில் விழுந்தபோது, நான் அன்றே சொன்னேனே என்ற ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை. எழுந்திரு என்றார், திருநீறு கொடுத்தார். வைகறையில் திருவலகும் மெழுக்கும் நீர்க்குடமும் எடுத்துக்கொண்டு வழக்கம்போலத் தொண்டுக்குப் புறப்பட்டவர், தம்பியையும் உடன் கூட்டிச் சென்றார். நாவுக்கரசரின் முதல் பதிகம் பிறந்தது அக்கா வேலைக்குப் போன ஒரு நாளில்தான்.

இளையான்குடியில் நடப்பது வேறு. அங்கே சாவு இல்லை, வறுமை மட்டும். அடியாருக்கு அமுது படைத்தே செல்வம் கரைந்த வீடு. மாரிக்கால இரவு, கணவன் மனைவி இருவரும் பட்டினி, கதவைச் சாத்தியாயிற்று. அந்த நேரத்தில் ஓர் அடியார் வருகிறார். நாயனார் அவர் மேனி ஈரத்தைத் துடைத்து இருக்கை தருகிறார். அதற்குமேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை, மனைவியைக் கேட்கிறார். அந்த அம்மையாரின் பதில் ஒரு துல்லியமான கணக்கு. வீட்டில் ஒன்றும் இல்லை; பக்கத்து வீட்டார் கொடுத்த வரைக்கும் கொடுத்துவிட்டார்கள், இனிக் கொடுக்க மாட்டார்கள்; பொழுதும் போயிற்று; பகலில் வயலில் விதைத்த முளைநெல் இருக்கிறது, வாரிக்கொண்டு வந்தால் ஆனமட்டும் சமைக்கலாம். நாயனார் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இருட்டில் காலால் தடவி வழி கண்டு வயலுக்குப் போய், மழைநீர் ஒதுக்கிய முளைகளைக் கோலி வாரி வருகிறார். வாசலில் காத்து நின்ற மனைவி சேற்றைக் கழுவிவிட்டு, விறகு இல்லையே என்கிறார். கூரைக் கழிகளை அறுத்துத் தள்ளுகிறார் கணவர். அம்மையார் ஈர நெல்லை வறுத்துக் குத்தி அரிசியாக்கிச் சோறு வடிக்கிறார். கறிக்கு? கொல்லைக் குழியில் இன்னும் வளராத கீரையை நாயனார் பறித்து வர, அந்த ஒன்றையே தம் கைத்திறத்தால் வெவ்வேறு கறியாகச் சமைக்கிறார். இவ்வளவு நேரத்தில் இருவரும் கடவுளை ஒரு வரம் கேட்கவில்லை. நம்பிக்கை அங்கே அடுத்த வேலை எது என்று கேட்பதாகவே இருக்கிறது. விடை சொல்கிறவர் பெரும்பாலும் அடுப்படியில் இருப்பவர்.

இவை எல்லாம் அற்புதத்தில் முடிகிற கதைகள், நம் வீட்டுக் கதவை எந்தச் சிவனடியார் தட்டப்போகிறார் என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அற்புதம் எதை மாற்றுகிறது, எதை விட்டுவிடுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். திருவாமூரில் இறந்த மூவரில் ஒருவரும் திரும்பவில்லை. திலகவதியாருக்குத் திருமணம் நடக்கவில்லை. இழந்தது இழந்ததுதான். திருநாவுக்கரசர் புராணத்துக்கு 429 பாடல்கள் ஒதுக்கிய சேக்கிழார், அந்த இழப்புகளை ஈடுகட்ட ஒரு பாடலும் பாடவில்லை. சூலை தீர்ந்தது உண்மை; அதற்குமுன் அக்காவின் விளக்குமாறு அந்த வாசலைப் பல காலம் கூட்டியிருந்தது. இளையான்குடியிலும் சோறு வெந்து, கறி ஆகி, விருந்தினரை எழுப்பப் போன பிறகுதான் சோதி தோன்றுகிறது. மழையை நிறுத்தவோ விறகு கொடுக்கவோ யாரும் வரவில்லை.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று: பக்தி கணவனுக்கு, பட்டினி மனைவிக்கு என்றுதானே இக்கதைகள் போகின்றன? திருக்கடவூர்க் குங்கிலியக் கலயர் கதை இதற்கு வலுவான சான்று. பிள்ளைகள் பசியில் வாட, மனைவியார் தாலியைக் கழற்றி நெல் வாங்கி வரக் கொடுக்கிறார். வழியில் குங்கிலியப் பொதி கண்ட கலயர் அதை வாங்கிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போய்விடுகிறார். கலந்து பேசாமல் எடுத்த முடிவு அது. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் கதை அதற்குப் பின் எங்கே போகிறது? அருள் முதலில் இறங்குவது கோயிலில் அல்ல, பிள்ளைகளோடு பசித்துத் தூங்கிய அந்த அம்மையாரின் வீட்டில். நெல்லும் பொன்னும் நிறைந்ததை அவர் முதலில் அறிகிறார், எழுந்து உலையேற்றுகிறார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு என்று கலயருக்கு இறைவன் சொல்வது அதற்கப்புறம்தான். யார் பசி முதலில் கவனிக்கப்பட வேண்டும் என்பதில் புராணத்தின் தீர்ப்பு தெளிவு.

நாட்டியத்தான்குடிக் கோட்புலியார் கதைக்கு இந்தச் சமாதானம் செல்லாது. கோயிலுக்கென்று சேர்த்து வைத்த நெல்லைத் தொடக்கூடாது என்று சுற்றத்தாரிடம் ஆணையிட்டுவிட்டுப் போருக்குப் போனார். பஞ்சத்தில் அவர்கள் அதை உண்டார்கள். திரும்பி வந்தவர் பச்சைக் குழந்தை வரை ஒருவரையும் விடவில்லை. உரையாசிரியர்கள் எவ்வளவு தத்துவம் சொன்னாலும், இதைக் குடும்பத்துக்கு வழிகாட்டியாகக் கொள்ள முடியாது. அங்கே விரதம் ஒருவருடையது, பஞ்சம் மற்றவர்களுடையது. இரண்டும் ஒரே வீட்டில் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளவே இல்லை. மாற நாயனார் மனைவியைக் கேட்டதுபோலக் கோட்புலியார் யாரையும் கேட்கவில்லை.

நம் ஊர்களில் குருபூசை நாளில் நாயனார் படத்துக்கு மாலை போட்டு, அவர் வரலாற்றை மட்டும் படித்துவிட்டு அன்னதானத்துக்கு எழுந்துவிடுகிறோம். ஆவணி மகத்தில் இளையான்குடி மாறரைப் பேசும்போது, முளைநெல்லை நினைவுபடுத்திய அம்மையாரின் பங்கையும் முழுதாகப் பேசுங்கள். சித்திரைச் சதயத்தில் அப்பர் தேவாரம் ஓதும் முன், அக்காவின் காலைப் பிடித்து அழுத அந்தச் சிறுவனைப் பற்றிய பகுதியைப் பிள்ளைகளை விட்டே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். இந்த ஆண்டிலிருந்தே அதைத் தொடங்கலாம்.