லிங்க்ட்இன்: தோட்டத்து இளைஞருக்குப் பயன் உண்டா?

இரத்தினபுரி, கேகாலை தோட்டங்களிலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போகும் இளைஞர் பலருக்கு, அங்கு முன்பே சென்ற உறவினரும் பக்கத்து லயத்தவருமே வழிகாட்டிகள். நம்பகமான வழிதான். ஆனால் அவர்கள் அறிந்த கடைக்கும் ஹோட்டலுக்கும் அப்பால் அது நீள்வது அரிது.

2003இல் தொடங்கிய லிங்க்ட்இன் தளம் உதவக்கூடிய இடம் இதுவே. அதன் 2 கோடி பயனாளர்களை வைத்து நடந்த ஆய்வு 2022இல் 'சயன்ஸ்' இதழில் வெளியானது. நெருங்கியவர்களைவிட, ஓரளவே பழகியவர்கள் மூலம் புதிய வேலை கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என அது கண்டது.

எனவே கணக்கியல், தகவல் தொழில்நுட்பம் போன்ற தனியார் துறைகளை நாடுவோர் கணக்குத் திறக்கலாம். கூடப் படித்தவர்கள், விரிவுரையாளர்கள், பயிற்சி பெற்ற இடத்தின் அதிகாரிகள் ஆகியோரை முதலில் இணையுங்கள். அரச வேலைக்கோ வர்த்தமானி அறிவித்தலும் போட்டிப் பரீட்சையுமே வழி.

வெளிநாட்டு வேலை என்றால் கூடுதல் கவனம் தேவை. மியன்மாரின் இணைய மோசடி முகாம்களில் இலங்கை இளைஞர்கள் சிக்கியது, கணினி வேலை என்ற வாக்குறுதியை நம்பித்தான். சுற்றுலா விசாவில் அழைத்தால் மறுத்துவிடுங்கள். முகவரிடம் அனுமதிப்பத்திரம் உள்ளதா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் விசாரியுங்கள்.