வரப்பிலிருந்து வார்டு வரை: பாம்புக்கடி வைத்தியத்தின் கதை

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். ஆனால் பாம்புக்கு அதிகம் பலியாவது படைவீரர்கள் அல்ல. வெறுங்காலோடு வரப்பில் நடக்கும் விவசாயிகளும், களை பறிக்கும் பெண்களும், தரையில் பாய் விரித்துத் தூங்கும் பிள்ளைகளும்தான்.

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளிக்கு இதில் ஒரு தனிக் கதை உண்டு. 1895-ல் பெரியாறு அணை திறக்கப்பட்டது. மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைப் பக்கம் திரும்பியது. மதுரை, மேலூர் வட்டாரங்களில் வானம் பார்த்துக் கிடந்த நிலங்கள் நெல் வயல்களாயின. நெல் வந்தால் எலி வரும். எலி வந்தால் பாம்பு வரும். கண்ணாடி விரியன் வயலுக்கு வருவது எலியைத் தேடித்தான், மனிதனைத் தேடி அல்ல. தெரியாமல் மிதித்து விட்டால் கடிக்கிறது, அவ்வளவுதான்.

ஆச்சரியம் என்னவென்றால், ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் பாம்பு விஷத்திற்கான மாற்று மருந்தும் பிரான்சில் பிறந்தது. அப்படியானால் 130 ஆண்டுகளுக்குப் பிறகும் ஏன் இத்தனை சாவு?

தஞ்சாவூர் மாத்திரை

18-ம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணிபுரிந்த பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், சோழமண்டலக் கரையின் பாம்புகளை ஆராய்ந்தார். எது விஷப்பாம்பு, எது சாதாரணப் பாம்பு என்று மக்களுக்குப் புரிய வைப்பதே அவர் நோக்கம். 1796-ல் அவருடைய நூல் படங்களோடு வெளியானது. கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் இன்றும் அவர் பெயர்தான்.

அப்போது தஞ்சாவூரில் பாம்புக்கடிக்கு ஒரு மாத்திரை புகழ்பெற்றிருந்தது. ரஸ்ஸல் அதையும் சோதித்தார். அதிலிருந்த முக்கியச் சரக்கு ஆர்சனிக், அதாவது பாஷாணம்!

பிறகு ஏன் இத்தகைய வைத்தியங்களுக்குப் பெயர் கிடைத்தது? காரணம் எளிது. கடிக்கும் பாம்புகளில் பல விஷமற்றவை. விஷப்பாம்பு கடித்தாலும் சில நேரம் விஷம் இறங்குவதில்லை. அப்படிப்பட்டவர் எப்படியும் பிழைத்துக்கொள்வார். பெயர் மாத்திரைக்கும் மந்திரிப்பவருக்கும் போகும். உண்மையில் விஷம் இறங்கியவருக்கோ, அங்கே செலவான நேரம் திரும்பி வராது.

குதிரை கொடுத்த மருந்து

ஆல்பர்ட் கால்மெட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1891-ல் சைகோனில் இருந்தார். வெள்ளத்தால் ஒரு கிராமத்துக்குள் புகுந்த நாகங்கள் 40 பேரைக் கடித்து, 4 பேர் இறந்த செய்தி அவரை இந்த ஆராய்ச்சிக்குத் தள்ளியது. விஷத்தை மிகச் சிறிய அளவில் ஒரு விலங்குக்குச் செலுத்தி, மெல்ல மெல்லக் கூட்டினால், அதன் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உண்டாகிறது. அந்த ரத்தத்தின் தெளிந்த நீர்தான் மருந்து. இதற்குக் குதிரை பயன்பட்டது. இன்றும் அதே முறைதான்.

ஒரு மருந்தே எல்லாப் பாம்புக்கும் போதும் என்று கால்மெட் நம்பினார். அது தவறு என்று ஆஸ்திரேலியாவில் சி. ஜே. மார்ட்டினும், இந்தியாவில் ஜார்ஜ் லாம்பும் காட்டினர். நாகத்தின் விஷத்துக்கான மருந்து கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்கவில்லை. அதனால்தான் நம் நாட்டு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் கொண்டு தயாராகிறது.

அந்த விஷத்தின் பெரும்பகுதியை எடுத்துத் தருபவர்கள் தமிழ்நாட்டு இருளர்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் பாம்புத் தோல் தொழில் நின்றுபோனது. 1978-ல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்துவிட்டுக் காட்டில் விடுவது அவர்கள் முறை. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

கட்டுவிரியனும் காற்றுப் பையும்

மருந்து மட்டும் போதாது என்பதற்குக் கட்டுவிரியன் ஒன்றே சாட்சி. பெரும்பாலும் இரவில், தூக்கத்தில் கடிக்கும். வலி இருக்காது, தடயமும் தெரியாது. சில மணி நேரத்தில் வயிற்று வலி, பிறகு கண் இமை தொங்கும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுபோகும். விஷம் நரம்பு முனைகளையே சிதைத்துவிடுவதால், தாமதமாகப் போடும் மருந்தால் அதைச் சரிசெய்ய முடியாது. நரம்பு தானாக வளர்ந்து தேறும்வரை, நாள் கணக்கில் யாராவது மூச்சு கொடுக்க வேண்டும்.

இப்படி மூச்சு கொடுக்கும் கலை 1952-ல் கோபன்ஹேகனில் வளர்ந்தது. போலியோவால் மூச்சு நின்ற 31 நோயாளிகளில் 27 பேர் இறந்திருந்தனர். மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சென், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கி ஒரு சிறுமிக்குக் காற்று செலுத்தினார். அதன்பின் சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்து மாதக்கணக்கில் பை அமுக்கினார்கள். சாவு பெருமளவு குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவின் தொடக்கம் அதுதான். வெண்டிலேட்டர் வரும்வரை ஒரு கிராமத்து ஆளின் உயிரை இன்றும் அதே மாதிரிப் பை காப்பாற்றுகிறது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

விரியன் விஷம் ரத்தத்தை உறையாமல் செய்யும். சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இலங்கையில் 2013-ல் வெளியான ஆய்வில், வழக்கமான முறையில் செய்த இந்தச் சோதனை பாதிக்கப்பட்டவர்களில் 40 சதவீதம் பேரைத்தான் கண்டுபிடித்தது. 2017-ல் வெளியான இன்னொரு ஆய்வில், முறையாகச் செய்தபோது அது 82 சதவீதமாக இருந்தது. செய்யும் விதம்தான் மாறியது!

அடுத்தது மருந்தின் ஒவ்வாமை. குதிரையின் சீரம் என்பதால் சிலருக்கு ரத்த அழுத்தம் விழுந்துவிடும், மூச்சு அடைக்கும். இந்தப் பயத்தால் சிறிய மருத்துவமனைகளில் ஊசி போடாமல் "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று அனுப்பிவிடும் வழக்கம் உண்டு. இலங்கையில் 1,007 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2011-ல் வெளியானது. முன்கூட்டியே குறைந்த அளவு அட்ரினலின் போட்டால், முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்தது. பரவலாகப் பயன்பட்டுவந்த மற்ற இரு மருந்துகள் உதவவில்லை. மலிவான ஒரு ஊசி, ஒரு பயணத்தையே மிச்சப்படுத்தலாம்.

மூன்றாவது, ஒரே பாம்பின் விஷமும் ஊருக்கு ஊர் மாறுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் கார்த்திக் சுனகர் குழுவினர் 2019 முதல் வெளியிட்ட ஆய்வுகள் இதைக் காட்டின. தமிழ்நாட்டில் எடுத்த விஷத்தை வைத்துச் செய்த மருந்து வேறு சில பகுதிகளில் சரியாக வேலை செய்வதில்லை.

கணக்கில் வராத சாவுகள்

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக 2020-ல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். கால்வாசிக்கு மேற்பட்டோர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். மருத்துவமனைக் கணக்குகளில் இதில் சிறு பகுதியே இருந்தது. பலர் மருத்துவமனைக்கே வரவில்லை என்பதுதான் காரணம்.

இறந்தவரை எண்ணாவிட்டால், எந்த ஊருக்கு எத்தனை குப்பி மருந்து வேண்டும் என்று எப்படித் தெரியும்? 2024 மார்ச்சில் மத்திய அரசு, பாம்புக்கடிச் சாவுகளை 2030-க்குள் பாதியாகக் குறைக்கச் செயல் திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. இனி எந்த மருத்துவமனையானாலும் கணக்குக் கொடுத்தாக வேண்டும்.

மதுரையில் பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது. ஒரு காலத்தில் எர்ஸ்கின் மருத்துவமனை எனப்பட்ட இன்றைய அரசு இராஜாஜி மருத்துவமனைதான் அது. ஆனால் வரப்பிலிருந்து அதன் வாசல்வரை உள்ள தூரத்தில்தான் உயிர் போகிறது. கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், பாம்பைத் தேடி அலையவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல், 108-ஐ அழைத்து, மருந்து இருக்கும் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மந்திரிக்கப் போனால், கால்மெட் காலத்திலிருந்து கிடைத்த எல்லாமே கைக்கெட்டாமல் போய்விடும்.