இ.எஸ்.ஐ. டாக்டர் எழுதிய சீட்டு

கோவைப் பஞ்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு 'இ.எஸ்.ஐ. லீவு' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நான் மில் டைம் ஆபீஸில் இருந்தவன். எத்தனையோ மெடிக்கல் சர்ட்டிபிகேட்டுகள் என் மேஜையைத் தாண்டிப் போயிருக்கின்றன. அந்தச் சீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய மாற்றம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

இ.எஸ்.ஐ. வருவதற்கு முன்பு எப்படி இருந்தது என்பதை மூத்த தொழிலாளர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். காய்ச்சல் என்று நாலு நாள் படுத்தால் நாலு நாள் கூலி போச்சு. வெளி டாக்டரிடம் காசு கொடுத்துச் சர்ட்டிபிகேட் வாங்கி வந்தாலும், அதை ஏற்பதும் தள்ளுவதும் மேஸ்திரியின் மனசைப் பொறுத்தது. அதற்குள் ஒரு பதிலி ஆள் அந்த இடத்தில் நின்றிருப்பார். அரசாங்க உத்தியோகஸ்தருக்கு மருத்துவ விடுப்பு விதிப்படி உண்டு. மில்காரருக்கு அது தயவு.

இந்த நிலையை மாற்ற, 1943-ல் பேராசிரியர் பி.பி. அதார்க்கரிடம் தொழிலாளர் உடல்நலக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றைத் தயாரிக்கும் பொறுப்பு தரப்பட்டது. மறு வருஷமே அவர் அறிக்கை கொடுத்தார். அதையொட்டி 1948-ல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24-ந் தேதி கான்பூரில் நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். டில்லியிலும் அன்றே ஆரம்பம். நம் மாநிலத்தில் முதலில் வந்தது சென்னைக்கு அல்ல, கோயமுத்தூருக்கு. தேதி 1955 ஜனவரி 23. இத்தனை மில்கள் இருந்த ஊருக்கு அது பொருத்தம்தான். ஆரம்பத்தில் மாதம் 400 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குபவர்கள் இதில் சேர முடியாது.

சீட்டில் மூன்று வகை உண்டு. டிஸ்பென்சரி டாக்டர் பார்த்து முதலில் தருவது பர்ஸ்ட் சர்ட்டிபிகேட். நோய் நீடித்தால் ஏழு நாளுக்கு மிகாமல் ஒவ்வொரு முறையும் இன்டர்மீடியட். குணமானதும் பைனல், அதைத்தான் நாங்கள் 'பிட்னஸ்' என்போம். அதைக் காட்டினால்தான் மறுபடி ஷிப்டில் ஏற்றுவோம். சீட்டை இ.எஸ்.ஐ. லோக்கல் ஆபீஸில் கொடுத்தால் சம்பளத்தில் ஏறக்குறைய பாதி கைக்கு வரும். முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. ஆரம்பத்தில் வருஷத்துக்கு 56 நாள் என்று இருந்தது பின்னர் 91 நாள் ஆயிற்று. டி.பி. போன்ற நீண்ட நோய்களுக்கு அதற்கு மேலும் உதவித்தொகை வந்தது.

பணத்தைவிடப் பெரிய விஷயம் சட்டத்தின் 73-வது பிரிவு. நோய் உதவித்தொகை பெறும் காலத்தில் தொழிலாளியை வேலையை விட்டு நீக்கக் கூடாது, தண்டிக்கவும் கூடாது என்றது அது. சீட்டை எழுதுபவரும் மில் முதலாளியிடம் சம்பளம் வாங்குபவர் அல்ல. கெஞ்சிக் கேட்ட லீவு உரிமையானது இப்படித்தான்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். தீபாவளி, பொங்கலை ஒட்டிச் சிலருக்குத் தவறாமல் வயிற்றுவலி வரும். கியூவில் நிற்கும் அத்தனை பேரையும் பார்க்க டாக்டருக்கு நேரம் ஏது? சந்தேகம் வந்தால் மெடிக்கல் ரெபரியிடம் அனுப்புவார்கள். உதவித்தொகை வாங்கும் நாட்களில் வேறு எங்கும் வேலை செய்யக் கூடாது, அனுமதியில்லாமல் ஊரை விட்டும் போகக் கூடாது என்றும் விதி உண்டு. ஆனால் பொய்ச் சீட்டுக்காரர்களைச் சொல்லியே உண்மை நோயாளியையும் ஏளனமாகப் பார்த்த அதிகாரிகள் உண்டு. பஞ்சுத் தூசியில் நுரையீரல் கெட்டு மூச்சு வாங்க வந்து நின்றவர்களிடம் அந்தப் பேச்சு எடுபடாது. அந்த நோயையே இ.எஸ்.ஐ. சட்டம் தொழில்சார் நோயாகப் பட்டியலில் வைத்திருந்தது.

இன்று உதவித்தொகை 70 சதவீதம், சம்பள வரம்பு 21,000 ரூபாய். ஆனால் நம் சோமனூர், பல்லடம் பக்கம் பத்துப் பேருக்குக் குறைவாக வைத்து ஓடும் விசைத்தறிக் கூடங்கள் ஏராளம். அங்கே தறி ஓட்டுபவர் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் இன்றைக்கும் கூலி இல்லை. எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் அது வெறும் காகிதம்தான். 1955-ல் மில்காரருக்குக் கிடைத்தது அவருக்கு இன்னும் வந்து சேரவில்லை.