மலைநாட்டுப் பாதையும் மோட்டார்ப் பந்தயமும்

மோட்டார்ப் பந்தயத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் காரையும் அதனை ஓட்டியோனையும் பற்றியே பெரும்பாலும் பேசுவர். கார் ஓடிய பாதையை அமைத்தோர் யாவர், அதன் ஓரத்தில் நின்றோர் யாவர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுகின்றன. அவ்வினாக்களை எழுப்புதற்கு இலங்கையின் மலைநாடு மிகவும் ஏற்ற இடமாகும்.

கடல் மட்டத்திற்கு ஆறாயிரம் அடிக்கு மேல் அமைந்த நுவரெலியாவில், மஹகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டப் பாதையில் 1934 ஆம் ஆண்டு மலையேற்றப் பந்தயம் தொடங்கிற்று. ஏப்பிரல் மாத வசந்த காலத்தில் கொழும்பிலிருந்து மலைக்கு வருவோரின் பொழுதுபோக்குகளில் அதுவும் ஒன்றாயிற்று. மலையேற்றப் பந்தயத்தில் கார்கள் ஒன்றையொன்று முந்துவதில்லை. ஒவ்வொன்றும் தனியே புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடும். ஓட்டத்தின் தூரம் சிறிது, வளைவுகளோ பல. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் எஞ்சினின் வலிமையில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு குன்றும். மூடுபனியால் நனைந்த பாதையோ சக்கரத்தின் பிடியைத் தளர்த்தும்.

மேனாட்டில் இதற்கு மறுதலையான நெடுந்தூரப் பந்தயங்கள் சிறப்புற்றிருந்தன. 1953 இல் அவற்றை இணைத்து விளையாட்டுக் கார்களுக்கான உலகச் சம்பியன் போட்டி ஏற்படுத்தப்பட்டது. 1955 ஆம் ஆண்டுப் பருவமே அதன் உச்சமும் வீழ்ச்சியும் ஆகும். அவ்வாண்டு மே முதலாம் நாள், இத்தாலியின் பொதுச் சாலைகளில் ஏறத்தாழ ஆயிரம் மைல் நீளும் மில்லே மிலியாப் பந்தயத்தை, ஸ்டேர்லிங் மொஸ் என்பார் மேர்சிடிஸ் காரில் 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் ஓடி முடித்தார். ஆறு வாரங்கள் கழிந்து, ஜூன் 11 ஆம் நாள், பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் மற்றொரு மேர்சிடிஸ் கார் மோதுண்டு பார்வையாளரிடையே பாய்ந்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மேர்சிடிஸ் நிறுவனம் அவ்வாண்டின் பட்டத்தை வென்ற பின்னர்ப் பந்தயத்திலிருந்து விலகியது. 1957 இல் மில்லே மிலியாவிலும் ஓட்டுநருடன் பார்வையாளரும் சிறுவரும் உயிரிழந்தமையால், நகரும் கிராமமும் ஊடறுத்துச் செல்லும் அப்பந்தயம் முடிவுற்றது. பாதையோரத்தில் நிற்பவனுக்கும் உரிமை உண்டு என்பதனை ஐரோப்பா பெருவிலை கொடுத்துக் கற்றது.

மலைநாட்டின் பந்தயமோ, குறுகிய பாதையில் ஒற்றைக் காராக ஓடுவதாதலின், நிலைபெற்று இந்நூற்றாண்டிலும் நடைபெற்றுள்ளது. எனினும் இங்கும் பாதையோரத்தில் நின்றவர்களின் உரிமை பற்றிய வினா ஒன்று உண்டு.

தமிழ்நாட்டிலிருந்து முதலில் கோப்பிக்காகவும், 1869 இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தபின் தேயிலைக்காகவும் கொண்டுவரப்பட்ட தொழிலாளரே இம்மலைகளில் காட்டை வெட்டினர். பாதை அமைப்பதிலும் உழைத்தனர். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவின் பிரதிநிதியாகத் தெரிவுசெய்யப்பட்டார். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தம் வாக்குரிமையையும் பறித்தது. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களுக்கு ஒரு பிரதிநிதியேனும் இல்லை. உலகம் நெடுந்தூரப் பந்தயங்களை வியந்து நோக்கிய அதே ஐம்பதுகளில், நுவரெலியாவிலும் அட்டனிலும் பாதை சமைத்தோரின் வழிவந்தோர் அப்பாதை செல்லும் நாட்டின் குடிகளாய் இருக்கவில்லை.

1964 இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய சிக்கல் தீர்வதற்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

மலையேற்றப் பந்தயத்தில் காலம் விநாடியின் பின்னமாக அளக்கப்படுகின்றது. அப்பாதையின் மக்கள் தம் உரிமைக்காகக் காத்திருந்த காலமோ ஐம்பத்தைந்து ஆண்டுகள். பந்தயத்தின் வரலாறு முழுமைபெற வேண்டுமாயின் இவ்விரு கணக்குகளும் ஒருங்கே எழுதப்படல் வேண்டும்.