பாராமகால் ஏடுகளில் பாட்டனாரைத் தேடி

வம்ச வழியை ஆராய்வது அரபு மக்களிடையே 'இல்முல் அன்ஸாப்' என்னும் தனித் துறையாகவே வளர்ந்தது என்பதை மதரஸாவில் ஓதியோர் அறிவர். இப்னுல் கல்பீ, பலாதுரீ, அந்தலூஸியாவின் இப்னு ஹஸ்ம் போன்ற பேரறிஞர்கள் இத்துறையில் பெருநூல்கள் இயற்றினர். ஆனால் நம் வீடுகளிலோ நிலைமை வேறு. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் நம் சமுதாயத்துப் பெரியவர் ஒருவரிடம் அவர் முன்னோரைக் கேட்டால், தந்தை, பாட்டனார், மிஞ்சினால் முப்பாட்டனார் என மூன்று பெயர்களோடு பேச்சு நின்றுவிடும். அதற்கு மேல் வருவன யாவும், "திப்பு சுல்தான் காலத்தில் கோட்டையில் இருந்தவர்கள்" என்னும் ஒற்றை வாக்கியத்தில் அடங்கிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், இப்பொழுது ஓசூர் சிப்காட்டில் தொழிலாளியாக உள்ளவர், கைபேசியுடன் வந்தார். அதில் பழைய ஆங்கில நூலொன்றின் பக்கம் தெரிந்தது. திப்பு சுல்தான் காலத்துக் கோட்டை ஊழியர் ஒருவரின் பெயர் அப்பக்கத்தில் இருந்தது. "ஹஜ்ரத், இவர்தான் எங்கள் மூதாதை. அண்ணன் மகள் நிக்காஹ் அழைப்பிதழில் ஷஜராவை அச்சிடப் போகிறோம். அரபியில் ஒரு வரி எழுதித் தாருங்கள்" என்றார்.

நாம் கேட்டது ஒன்றுதான்: "ஸனது எங்கே?"

ஒரு ரிவாயத்து நம்மை வந்தடைந்தால், அதைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று ராவிகளின் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தே ஏற்பது நம் முன்னோர் வகுத்த நெறி. இடையில் ஒரு கண்ணி அறுந்தாலும் அது 'முன்கத்திஃ' எனப்படும். மாணவரின் பாட்டனார் 1920களில் பிறந்தவர். நூலில் கண்ட பெயரோ 1792க்கு முந்தையது. இடையே நூற்று முப்பது ஆண்டுகள், நான்கைந்து தலைமுறைகள். அவற்றில் ஒரு பெயர்கூட அவர் கையில் இல்லை. பெயர் ஒத்திருந்தது என்பதே சான்று. ஷேக் இமாம், சையித் சாஹிப் என்னும் பெயர்கள் நம் ஊர்களில் தெருவுக்கு நான்கு உண்டென்பதை அவருக்கு நினைவூட்டினோம். முகம் வாடிற்று. எனினும் தேடுவதை நிறுத்த வேண்டாம், கீழிருந்து மேலாகத் தேடுவோம் என்றோம்.

மேல்நாடுகளில் வம்ச வழி தேடுவோர் முதலில் நாடுவது மக்கள் தொகைக் கணக்கேட்டை. இங்கிலாந்தின் 1921ஆம் ஆண்டு ஏடும், அமெரிக்காவின் 1950ஆம் ஆண்டு ஏடும் 2022இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. வீடு வீடாகப் பெயர்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். நம் நாட்டில் அவ்வழி அடைபட்டுள்ளது. 1948ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, தனிமனிதர் பற்றிய குறிப்புகளைப் பிறர் பார்வையிட இடந்தரவில்லை. ஆகவே நமக்கு எஞ்சுவது நிலத்தின் ஏடும், நிக்காஹின் ஏடும், வாக்காளர் ஏடுமே.

நிலத்தின் ஏட்டைத் தேடுவோர் முதலில் அறிய வேண்டுவது, நம் நிலம் எவ்வெப்போது எந்தக் கச்சேரியின் கீழ் இருந்தது என்பது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கும்பெனியார் வசமாயிற்று. கேப்டன் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து வரி விதித்தனர். ஓசூர்ப் பகுதி 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின்னரே சேர்ந்தது. பிறகு எல்லாம் சேலம் ஜில்லா. 1965இல் தருமபுரி தனி மாவட்டமாயிற்று. 2004இல் கிருஷ்ணகிரி அதனின்று பிரிந்தது. இதையறியாத இளைஞர்கள் இணையத்தில் 'கிருஷ்ணகிரி மாவட்டம்' என்று தேடி, ஒன்றுமில்லை என்று கைவிடுகின்றனர். அவர்கள் தேட வேண்டியது சேலம். ரீடின் காலத்துக் கடிதங்களும் அறிக்கைகளும் 'பாராமகால் ரிக்கார்டுகள்' என்னும் பெயரில் 1907 முதல் சென்னை அரசு அச்சகத்தால் பகுதி பகுதியாக வெளியிடப்பட்டன. லெ ஃபனு எழுதிய 1883ஆம் ஆண்டுச் சேலம் கையேடும், ரிச்சர்ட்ஸ் எழுதிய 1918ஆம் ஆண்டு கெஸட்டியரும் உள்ளன. இவை ஊரின் வரலாற்றைத் தரும். நம் பாட்டனாரைத் தருவது அரிது.

பாட்டனாரைத் தரக்கூடியது இனாம் ஏடு. 1858இல் அமைந்த இனாம் கமிஷன், பள்ளிவாசல், தர்கா, காஜி ஊழியம், பக்கீர்கள் ஆகியோருக்கு விடப்பட்ட மானிய நிலங்களை ஊர் ஊராக விசாரித்தது. கொடுத்தவர் யார், முதலில் பெற்றவர் யார், இன்று அனுபவிப்பவர் யார், வயதென்ன, முதலில் பெற்றவருக்கு இவர் என்ன உறவு என்றெல்லாம் அவ்வேட்டில் கட்டங்கள் உண்டு. ஸனதோடு கூடிய ஏடு என்று சொன்னால் மிகையாகாது! அதைக் காண எழும்பூர் ஆவணக் காப்பகத்தை நாட வேண்டும். எல்லாம் கைபேசியில் வந்துவிட்டது என்று எண்ணுவது பிழை.

ஆண்டுக் கணக்கிலும் எச்சரிக்கை வேண்டும். பசலி ஆண்டோடு 590 கூட்டினால் கிறிஸ்தவ ஆண்டு வரும். பசலி 1275 என்பது 1865 ஜூலையில் தொடங்குவது. ஆனால் திப்பு சுல்தான் தம் ஆட்சியின் பிற்பகுதியில் ஹிஜ்ரியை விடுத்து 'மௌலூதி' என்னும் தனி ஆண்டை வழங்கினார். அவர் நாணயங்களில் அந்த இலக்கங்கள் வலமிருந்து இடமாக அமைந்திருக்கும். மௌலூதி 1215 என்பது 1787ஐ ஒட்டியது. அதையே ஹிஜ்ரி 1215 என்று படித்தால் 1800 வந்துவிடும், சுல்தான் ஷஹீதான மறு ஆண்டு! அரபு இலக்கம் படிக்கத் தெரிந்த நம்மவரே தடுக்கி விழும் இடம் இது.

மாணவர் குடும்பத்துக்கு இனாம் ஏதும் இல்லை. ஆகவே பதிவுத் துறையின் இணையதளத்தில் வீட்டு மனைக்கு வில்லங்கம் பார்த்தோம். பல அலுவலகங்களுக்கு 1970களின் நடுவிலிருந்து விவரம் கிடைக்கிறது. 1978ஆம் ஆண்டுக் கிரய பத்திரம் ஒன்றின் எண் கிடைத்தது. மனுச் செய்து நகல் பெற்றோம். வாங்கியவர் பாட்டனார். "கர்நாடக மாநிலம், பெங்களூர் ஜில்லா, ஆனேக்கல் தாலுகா" என்று தொடங்கி, ஒரு கிராமத்தின் பெயரும், "காலஞ்சென்ற இன்னாரின் குமாரர்" என்று தந்தை பெயரும் இருந்தன. கிருஷ்ணகிரிக் கோட்டைக்கும் அக்குடும்பத்துக்கும் உள்ள தொடர்பு அத்துடன் போயிற்று. கோட்டை மூதாதையை நாம் பறித்துவிட்டோம் என்று மாணவரின் அக்காள் சில மாதங்கள் நம்மோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தமிழ்நாட்டில் தொடங்கிற்று. தாம் அல்லது தம் பெற்றோர், பாட்டனார், பாட்டியார் 2002 அல்லது 2005ஆம் ஆண்டுப் பழைய பட்டியலில் இருந்ததைக் காட்ட வேண்டியதாயிற்று. மாணவரின் தம்பி 1986இல் பிறந்தவர். அன்று வாக்குரிமை வயது வரவில்லை. பெற்றோர் இருவரும் அதற்கு முன்பே மவ்த்தாகிவிட்டனர். பாட்டியார் மட்டும் கணவருக்குப் பின் ஆனேக்கல் பக்கம் மைத்துனர் வீட்டில் வாழ்ந்தவர். அவ்வூரை வீட்டார் தக்னியில் வழங்கும் செல்லப் பெயரால் மட்டுமே அறிந்திருந்தனர். பட்டியலோ வருவாய்க் கிராமப் பெயரால், கன்னட எழுத்தில் இருந்தது. அந்தப் பெயர் பத்திர நகலில் இருந்தது! கன்னடம் படிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை இரவில் அமர்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தான். ஜைபுன்னிஸா என்று வீட்டில் அழைக்கப்பட்டவர் பட்டியலில் 'ஜேபுனிசா' ஆகியிருந்தார். கணவர் பெயரும் வயதும் பொருந்தின. அப்பொழுதே நாம் ஏற்றுக்கொண்டோம். பெயர் மட்டும் பொருந்தியிருந்தால் ஏற்றிருக்க மாட்டோம்.

அக்காள் மறுநாள் தேநீர் கொடுத்தனுப்பினார்.

இப்பொழுது அம்மாணவர் ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தரைப் படமெடுத்து வைக்க முத்தவல்லியிடம் இசைவு பெற்றுள்ளார். மணமகன், மணமகள், இருவரின் தந்தையர், வலீ, சாட்சிகள், மஹர் என ஒரு பக்கத்தில் ஆறேழு குடும்பப் பெயர்கள் கிடைக்கும் ஏடு வேறெது? வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் இருவருமாக அமர்ந்து பக்கங்களைப் புரட்டுகிறோம். அரபுத் தமிழில் சில, உருதுவில் சில, பிற்காலத்தவை தமிழில். 1961 வரை பின்னோக்கி வந்துள்ளோம். அதற்கு முந்தைய தப்தரைக் கறையான் பாதி தின்றிருக்கிறது. மீதிப் பாதியின் ஓரங்கள் தொட்டால் உதிர்கின்றன. ஆகவே அதைப் பிரிக்காமல் துணியில் சுற்றி, மிம்பருக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருக்கிறோம்.