கழித்துக் கட்டிய துப்பாக்கிகள்

ராஜாங்கங்கள் துப்பாக்கி வாங்குவதில் காட்டும் சிரத்தையை, அவற்றைக் கழித்துக் கட்டுவதில் எந்தக் காலத்திலும் காட்டியதில்லை. புதிய மாதிரி ஒன்று பட்டாளத்துக்கு வந்து சேர்ந்த மாத்திரத்தில், நேற்றுவரை சிப்பாயின் பிராணனுக்குத் துணையாக இருந்த பழையது கட்டுக் கட்டாகக் கிடங்குக்குப் போகும்; கிடங்கு நிரம்பினால் ஏலத்துக்கு; ஏலத்தில் போகாதது உலைக்கு. பழைய ராணுவத் துப்பாக்கிகளைத் தேடிப் பிடித்து, துருவகற்றி, குறையானதைக் கூட்டி, கண்ணாடிப் பேழையில் வைத்து அழகு பார்க்கும் பொழுதுபோக்கு இன்று மேல்நாடுகளில் கௌரவமான ஒரு வித்தையாக மதிக்கப்படுகிறது. ஆனால் அதன் பூர்வோத்தரத்தை விசாரித்துக்கொண்டு போனால், வீர வழிபாட்டில் போய் முடிவதில்லை. பழைய இரும்புக்கடையில்தான் போய் நிற்கிறது.

அந்த இரும்புக்கடையைப் பெரிய ஸ்தாபனமாக வளர்த்தவர் பிரான்சிஸ் பானர்மன். 1851-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்காவுக்கு வந்து, புரூக்ளினில் வளர்ந்தவர். 1865-ல் உள்நாட்டு யுத்தம் ஓய்ந்து, அரசாங்கம் தளவாடங்களை ஏலத்தில் தள்ளியபோது, மற்ற வியாபாரிகள் துப்பாக்கியை எடைக்கு எடை இரும்பாக மதிப்பிட்டுக்கொண்டிருக்க, துப்பாக்கியைத் துப்பாக்கியாகவே விற்றால் லாபம் அதிகம் என்பதைக் கண்டுகொண்டதே அவருடைய சாமர்த்தியம். 1898-ல் ஸ்பெயினோடு நடந்த யுத்தத்துக்குப் பிறகு கைப்பற்றப்பட்ட சாமான்கள் ஏராளமாக அவரிடம் வந்து குவிந்தன. அத்தனை வெடிமருந்தை ஊருக்குள் வைத்துக்கொள்ள நகரத்தார் சம்மதிப்பார்களா? 1900-ல் ஹட்ஸன் நதியிலுள்ள போலபெல் என்ற சிறு தீவை விலைக்கு வாங்கி, தம் பூர்வீக தேசத்துக் கோட்டைகளின் சாயலில் ஆயுதசாலை ஒன்றை எழுப்பி, நதியில் போவோர் வருவோர் கண்ணில் படும்படி கடையின் பெயரை மதில் சுவரிலேயே பெரிய எழுத்துக்களில் பொறித்தும் வைத்தார். கோட்டையை விளம்பரப் பலகையாக்கிய பெருமை அவருக்கே உரியது. அவர் 1918-ல் காலமானார். இரண்டே வருஷத்தில் அந்தத் தீவின் மருந்துக் கிடங்கு வெடித்தது. 1969-ல் எஞ்சியிருந்ததையும் தீ தின்றது. அழியாமல் நின்றது அவருடைய விலைப்பட்டியல்தான். படத்தோடும் விவரத்தோடும் வருஷந்தோறும் தடித்துக்கொண்டே வந்த அந்தப் புத்தகத்தை, சேகரிப்பவர்கள் வெகுகாலம் பாடபுத்தகம் போல வைத்துப் படித்தார்கள்.

இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின்னர் இதே கதை இன்னும் பெரிய அளவில் நடந்தது. சாமுவேல் கமிங்ஸ் என்பவரின் இன்டர்ஆர்ம்ஸ் கம்பெனி, உலகத்துக் கிடங்குகளையெல்லாம் துழாவி, லீ-என்ஃபீல்டுகளையும் மௌஸர்களையும் வர்ஜீனியாவின் அலெக்ஸாண்ட்ரியா நகரத்துப் பண்டகசாலைகளில் கொண்டுவந்து அடுக்கிற்று. அற்ப விலைக்குக் கிடைத்த அவற்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் மான் வேட்டைக்காரர்கள். அவர்கள் முன்கட்டையை அறுத்தெறிந்து, குழலைக் குறைத்து, ராணுவ அடையாளங்களை அரத்தால் ராவி, வேட்டைக்கு வாட்டமாகச் செய்துகொண்டார்கள். பிற்காலத்து ரசிகர்கள் அந்த அறுவையை நினைத்து அங்கலாய்ப்பது நியாயந்தான் என்றாலும், ஒரு ரூபாய்ப் பொருளை எவன் பூஜையறையில் வைப்பான்? 1963-ல் ஜனாதிபதி கென்னடியைச் சுட்டதும் அப்படித் தபாலில் வரவழைத்த ஓர் இத்தாலிய ராணுவத் துப்பாக்கியே. அதன் பலனாக 1968-ல் பிறந்த சட்டம் தபால் வியாபாரத்தையும் யுத்த மிச்சங்களின் இறக்குமதியையும் நிறுத்திற்று. 1898-ம் வருஷமும் அதற்கு முன்பும் செய்யப்பட்டவை மட்டும் புராதனப் பொருள் என்று விலக்குப் பெற்றன. வரத்து நின்றதும் விலை ஏறிற்று. விலை ஏறியதும் மரியாதை வந்தது.

1898 என்று போட்ட அந்தக் கோட்டுக்கு அப்பால் இமயமலையின் அடிவாரத்தில் ஒரு மகா பொக்கிஷம் உறங்கிக்கொண்டிருந்தது. 1816-ல் சுகௌலி உடன்படிக்கையால் ஆங்கிலேயரோடு சமாதானம் செய்துகொண்ட நேபாளம், அதன்பிறகு அவர்களோடு சிநேகமாகவும், சிநேகத்தினூடே சந்தேகமாகவும் நாளைக் கழித்த ராஜ்யம். 1846-ல் அதிகாரத்தைக் கைப்பற்றிய ஜங் பகதூர், 1850-ல் கடல் கடந்து இங்கிலாந்துக்கே போய் அதன் பலத்தை நேரில் கண்டு திரும்பியவர்; 1857-ம் வருஷத்துக் கலகத்தில் கிழக்கிந்தியக் கும்பினியாருக்குத் துணையாகப் படையோடு லக்னௌவரை சென்றவர். அந்த உதவிக்குக் கைமாறாக ஆயுதங்கள் கிடைத்தன. ஆனால் நவீன மாதிரிகளைத் தாராளமாகக் கொடுக்க ஆங்கிலேயருக்கு மனம் வரவில்லை. கொடுக்காததை நேபாளத்துக் கம்மியர்கள் பார்த்துச் செய்தார்கள். இயந்திரங்களுக்குப் பதில் அரமும் சுத்தியும் கொண்டு, பிரன்ஸ்விக் ரைஃபிளையும் என்ஃபீல்டையும் அச்சு அசலாக வார்த்தெடுத்தார்கள். ஜங் பகதூரின் ராணா வம்சத்து கஹேந்திர ஷம்ஷேர், வெளித்தோற்றத்தில் ஆங்கிலேய ராணுவத்து மார்ட்டினி-ஹென்றியைப் போலவும், உள்ளமைப்பில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனியாரின் மாதிரியைத் தழுவியும் ஒரு ரைஃபிளை உருவாக்கினார். அது அவர் பெயராலேயே வழங்குகிறது. இரட்டைக் குழலும் தலைமேல் வட்டத் தட்டும் கொண்டு, கைப்பிடியைச் சுற்றச் சுற்றச் சுடும் ‘பீரா’ என்ற கனத்த யந்திரத் துப்பாக்கியும் அவருடைய கைவண்ணமே.

விசேஷம் என்னவென்றால், நேபாள தர்பார் எதையும் எறிந்ததில்லை. சக்கிமுக்கிக் கல்லால் தீப்பற்றும் பிரௌன் பெஸ் போய்க் கேப்புத் துப்பாக்கி வந்தது. அது போய்த் தோட்டா வந்தது. ஒவ்வொரு தலைமுறையும் தன் முன்னோரைக் காத்மாண்டுவின் லகன் சிலேகானா என்னும் பழைய அரண்மனைக்குள் கொண்டுபோய் அடுக்கிவிட்டு நகர்ந்தது. 1951-ல் ராணாக்களின் ஆட்சி ஒழிந்த பிறகும் அடுக்கு கலையவில்லை. நெடுங்காலம் பேரம் பேசிய பின்னர், 2003-ம் வருஷத்து வாக்கில் இன்டர்நேஷனல் மிலிட்டரி ஆன்டிக்ஸ், அட்லாண்டா கட்லரி என்ற இரு அமெரிக்க நிறுவனங்கள் அவற்றை மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றியபோது, அங்கிருந்து வெளிவந்த துப்பாக்கிகள் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல். குக்ரிக் கத்திகளும் வெண்கலப் பீரங்கிகளும் வேறு.

நேபாளத்தின் இந்தக் கதையைக் கேட்கும்போது தஞ்சாவூரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1855-ல் கடைசி மகாராஜா சிவாஜி ஆண் சந்ததியின்றி மறைந்து, ராஜ்யம் கும்பினியார் வசமான பிறகு, தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்த அரண்மனை ஆயுதசாலை கலைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த சில சென்னை மியூசியத்துக்கு வந்தன. பெரும்பகுதி பழைய இரும்பாக உடைபட்டுப் போயிற்று. பிழைத்த கட்டாரிகளில் சில, ஜார்ஜ் ஸ்டோன் என்ற அமெரிக்க ஆயுத ரசிகர் கைக்குப் போய், அவருடைய மரணசாசனத்தின் மூலம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் குடியேறின. நேபாளம் மறதியால் காப்பாற்றியதைத் தஞ்சையில் நிர்வாகத் திறமை அழித்துவிட்டது.

காத்மாண்டுவிலிருந்து வந்தவற்றில் ஒரு மார்ட்டினி-ஹென்றி எப்படிச் செப்பனிடப்படுகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 1871-ல் ஆங்கிலேய ராணுவம் ஏற்றுக்கொண்ட இந்த ஆயுதத்தில், அடியிலுள்ள நெம்புகோலைக் கீழே இறக்கினால் பின்புறத்துக் கீலில் அசையும் இரும்புத் துண்டு தலை சாய்ந்து தோட்டாவுக்கு வழிவிடும்; மேலே ஏற்றினால் வாயை மூடி, சுடுவதற்கும் ஆயத்தமாகும். கிடங்கிலிருந்து வந்ததோ நெம்புகோல் அசையவே மறுக்கும் ஒரு கரிய கட்டை. பல வருஷத்துப் புழுதி, கெட்டித்த மசகோடு சேர்ந்து தோலாகப் படிந்திருக்கும். அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளைத் தூரிகையால் பொறுமையாகத் தேய்க்கத் தேய்க்க, வலப்பக்கத்துத் தகட்டில் முதலில் ஒரு கிரீடம் தென்படும். அதன் கீழ் விக்டோரியா ராணியின் வி.ஆர். என்ற முத்திரை, பிறகு என்ஃபீல்டு என்ற தொழிற்சாலைப் பெயர், அப்புறம் வருஷம். உப்புக் காகிதத்தைக் கையில் எடுத்தவன் இந்த நான்கையும் ஒரே நிமிஷத்தில் அழித்துவிடலாம். அதனால்தான் தேர்ந்தவர்கள் செந்துருவைச் சுரண்டுவதில்லை. உதிரும் துருவை மட்டும் நீக்கிவிட்டு, இரும்பைச் சுத்தமான தண்ணீரில் கொதிக்கவிடுகிறார்கள். சிவப்புத் துரு கருநிறமாகி இரும்போடு ஒட்டிப்போகிறது. அடிக்கட்டையில் விழுந்த பள்ளத்தை இழைப்புளியால் சமப்படுத்தாமல், ஈரத் துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஆவி ஏற்றினால், நசுங்கிய வால்நட் மரத்தின் நார் உப்பி மேலே வந்துவிடுகிறது. மேற்பூச்சுக்கு வார்னிஷ் உதவாது. ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்ப்பதோடு சரி.

முந்திய தலைமுறை செப்பனிடுவதென்றால் பளபளவென்று ஆக்குவது என்று நினைத்தது. இன்று அப்படிப் பளபளத்த துப்பாக்கியைக் கண்டால் விலை பாதியாகிவிடுகிறது. சிப்பாய் கட்டையில் கீறிய கோடும், பட்டாளத்து எண்ணும், பரிசோதகரின் முத்திரையும் அந்தப் பொருளின் ஜாதகம் என்ற ஞானம் இப்போதுதான் உதித்திருக்கிறது. வேட்டைக்காரன் அறுத்துப்போட்ட முன்கட்டைக்கு ஈடாக அதே காலத்துக் கட்டை ஒன்றைத் தேடிப் பொருத்துவது வரையில் தேர்ந்தவர்கள் சம்மதிக்கிறார்கள். அழிந்த முத்திரையைப் புதிதாகக் குத்துவதைப் பொய்ச்சாட்சிக்குச் சமமாகக் கருதுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் இந்தக் கட்டுப்பாடுதான் ஒரு வேடிக்கைப் பழக்கத்தைச் சரித்திர ஆராய்ச்சியின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

நம் நாட்டில் இந்த வித்தைக்கு நெடுங்காலம் இடம் மிகக் குறைவாகவே இருந்தது. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம், செப்பனிட்டாலும் சுட உதவாத பழைய ஆயுதத்துக்குத்தான் விலக்கு அளிக்கிறது. சுடக்கூடியது எவ்வளவு பழையதானாலும், 2020-ல் விதிகள் திருத்தப்படும் வரை, வைத்திருப்பதற்கே லைசென்ஸ் வேண்டியிருந்தது. சட்டத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் கும்பினியார் காலத்துத் துப்பாக்கி வைத்திருக்கும் பழைய ஜமீன் வீட்டார், அதன் துருவைத் துடைப்பதற்குக்கூட யோசிக்கவேண்டியிருந்தது.

மறுபடி நேபாளத்துக்கே வருவோம். அங்கே செய்த கஹேந்திர ரைஃபிள்களை முதலில் வாங்கினவர்கள் வெறும் நகல் என்று அலட்சியம் செய்தார்கள். அவிழ்த்துப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கிற்று. ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே கையால் அராவியதாகையால், ஒன்றின் திருகாணி மற்றொன்றில் ஏறுவதில்லை. உடைந்த ரைஃபிளுக்கு இன்னொன்றிலிருந்து உறுப்பு எடுத்துப் போட்டுக்கொள்ளும் சுலபம் இங்கே செல்லாது. இரும்பின் பக்குவமும் ஒரே சீராக இல்லாததால், இவற்றைச் சுடக்கூடாது என்பதே விஷயமறிந்தவர்களின் எச்சரிக்கை. ஆனால் உறுப்புகளின் மேல் தேவநாகரியில் எண்களும் எழுத்துக்களும் வெட்டியிருக்கின்றன. வருஷம் விக்கிரம சகாப்தத்தில் இருக்கிறது. ஜார்ஜியாவிலும் நியூ ஜெர்ஸியிலும் உள்ள ரசிகர்கள் அதைப் படிப்பதற்காக ஒன்று முதல் ஒன்பது வரை தேவநாகரி எண்களைக் காகிதத்தில் எழுதிக் கற்றுக்கொண்டு, கிடைத்த வருஷத்திலிருந்து ஐம்பத்தேழைக் கழித்துத் தங்கள் துப்பாக்கி 1898-ம் வருஷக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று கணக்குப் பார்க்கிறார்கள்.