பதினெட்டே முக்கால் சென்ட்

ரயில்வே தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்ஸில் சார்ட்டராக இருந்து ஓய்வு பெற்றவனுக்குப் பழைய தபால் சேகரிப்பதை விட்டால் வேறென்ன பொழுதுபோக்கு? என் ஆல்பத்தில் 1830களின் அமெரிக்கக் குடும்பக் கடிதம் ஒன்று இருக்கிறது. தபால்தலை கிடையாது, அந்நாட்டில் அது 1847இல்தான் வந்தது. கவரும் கிடையாது. ஒரே தாளை நம் இன்லண்ட் லெட்டர் மாதிரி மடித்து, அரக்கு வைத்து, வெளிப்பக்கம் விலாசம் எழுதியிருக்கிறார்கள். மூலையில் தபால் குமாஸ்தா பேனாவால் ‘18¾’ என்று கிறுக்கியிருக்கிறார்.

150 மைலுக்கு மேல், 400 மைலுக்குள் ஒரு தாளுக்கு அதுதான் கட்டணம். 400ஐத் தாண்டினால் 25 சென்ட். அந்த முக்கால் எங்கிருந்து வந்தது? அன்றைக்குக் கடைத்தெருவில் புழங்கியது ஸ்பானிய வெள்ளிக்காசு. ஒரு ரியால் பன்னிரண்டரை சென்ட். ஒன்றரை ரியால் பதினெட்டே முக்கால்.

கவர் போட்டால் அதுவும் ஒரு தாளாகக் கணக்காகிக் கட்டணம் இரட்டிப்பாகும். ஆகவே தாள் நிரம்பியதும் அதைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக எழுதினார்கள். என்னிடம் இருப்பதில் பிரசவச் செய்தி கிடையாகவும் மாட்டு விலை குறுக்காகவும் ஓடுகிறது. லென்ஸ் இல்லாமல் படிக்க முடியாது.

பணம் கட்டுவது பெரும்பாலும் வாங்குகிறவர்தான். நம் ஊர் பேரிங் தபால் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க மண் வெட்டியும் ஒரு டாலர் தேறாதவனுக்கு, மேற்கே குடிபோன தங்கையின் கடிதம் கால் நாள் கூலியைத் தின்றுவிடும்.

செய்தித்தாளுக்கோ ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை சென்ட். குடியாட்சிக்குப் பத்திரிகை அவசியம் என்று நினைத்து அந்தச் சலுகையை வைத்தார்கள். குடும்பங்கள் அதில் சந்து கண்டுபிடித்தன. படித்து முடித்த பேப்பரை எடுத்து, வேண்டிய எழுத்துகளின் மேல் ஊசியால் குத்தி அனுப்பினார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எழுத்துக் கூட்டினால் அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டது தெரியும். குத்தவே வேண்டாம், பேப்பர் வந்தாலே ஆள் உயிரோடு இருக்கிறார் என்று நிம்மதி. பேப்பருக்குள் சேதி ஒளித்தால் அபராதம் உண்டு. இலாகாக்காரன் என்ற முறையில் இதைத் திருட்டு என்றுதான் நான் சொல்ல வேண்டும், வாய் வரவில்லை. கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தால் நானும் ஊசி தேடியிருப்பேன்.

1845இல் தாள் கணக்கு போய் எடைக் கணக்கு வந்தது. 1851இல் முன்கூட்டிக் கட்டினால் 3,000 மைல்வரை மூன்றே சென்ட். கவர்கள் தடித்தன, புகைப்படம், தலைமுடிச் சுருள், பூவிதை எல்லாம் உள்ளே போயின. வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும் 1863 வரை இலவசமாகக் கிடையாது, அப்போதும் பெரிய நகரங்களில்தான். தங்கம் தேடிப் போனவர்கள் சான் பிரான்சிஸ்கோ தபால் ஆபீஸில் நெடிய வரிசையில் நிற்க, அந்த வரிசையில் இடம் பிடித்து விற்றே சிலர் காசு பார்த்தார்கள்.

கட்டணம் குறைந்தும் எல்லோருக்கும் தபால் கிட்டவில்லை. தபால் மூட்டை சுமக்கும் வேலைக்கே 1865 வரை வெள்ளையரைத்தான் சட்டம் அனுமதித்தது. மிசூரியில் 1847 முதல் கறுப்பருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பது குற்றம். அங்கே அடிமையாக இருந்த ஸ்பாட்ஸ்வுட் ரைஸ் எப்படியோ எழுத்துக் கற்றிருந்தார். உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்து, 1864 செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் ராணுவ மருத்துவமனையிலிருந்து இரண்டு கடிதம் எழுதினார். ஒன்று இன்னும் அடிமைகளாக இருந்த தன் பிள்ளைகளுக்கு: படையோடு வந்து உங்களை மீட்கிறேன். மற்றது மகள் மேரியின் ‘எஜமானி’ கிட்டி டிக்ஸுக்கு: என் குழந்தைக்கு நாற்பது டாலர் தருகிறேன் என்றேன், நீ வாங்காததே நல்லதாயிற்று.

கடிதங்கள் போக வேண்டிய ஊர் மிசூரியிலேயே உள்ள கிளாஸ்கோ. அங்கே போஸ்ட்மாஸ்டர் கிட்டியின் சகோதரர். அவர் இரண்டையும் மிசூரியின் வடக்குப் படைத் தளபதி ரோஸ்கிரான்ஸுக்கு அனுப்பி, இந்த ஆளை மாநிலத்தை விட்டே வெளியேற்றுங்கள் என்று மனுப் போட்டார். பிள்ளைகளுக்கு ஒரு தகப்பன் எழுதியதை எந்த உரிமையில் அனுப்பினார்? எங்கள் வேலையில் இதைவிடப் பெரிய துரோகம் எனக்குத் தெரியாது. ஊசியால் பேப்பர் குத்தியவர்களுக்கு அபராதம் விதித்த இலாகாவின் ஆள்தான் இவரும்.

ராணுவக் கோப்பில் சிக்கியதால் அந்தக் கடிதங்கள் இன்றும் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ரைஸின் குடும்பம் பிறகு செயின்ட் லூயிஸில் ஒன்றுசேர்ந்தது. அவர் போதகரானார். 1937இல் அரசு எழுத்தாளர் திட்டத்தார் முன்னாள் அடிமைகளைத் தேடித் தேடிப் பேட்டி எடுத்தபோது, எண்பத்தைந்து வயது மேரி தன்னை வைத்திருந்த கிட்டி டிக்ஸைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார்.